நடுமாடிப் பெட்டி

மருந்துக் கடைக்குப் போன நர்ஸ் திரும்பியபோது காலை பதினொன்றரை. நடுமாடி அறைக்குள் கால் வைத்ததுமே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆக்ஸிஜன் மெஷினின் உறுமல் கேட்கவில்லை. கட்டிலில் பெரியவர் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே அழைப்பு பட்டன். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட அலறலில் தரைத்தளச் சமையலறையிலிருந்து மருமகள் ஓடி வந்தாள். மேல்மாடியிலிருந்து மகன் இறங்கி வந்தான். அப்பாவைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், அப்புறம் நர்ஸைப் பார்த்தான்.

"மெஷினை ஆஃப் பண்ணிட்டு கடைக்குப் போயிட்டியா? கொன்னுட்டியே பாவி!"

பழி போட ஆள் கிடைத்துவிட்டால் வீட்டார் மற்றதை யோசிக்க மாட்டார்கள். போலீஸுக்குப் போன் போட்டதும் அவன்தான்.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் 'சல்லடை' என்பார்கள். எதைக் கொட்டினாலும் கல்லைத் தனியாக எடுத்துவிடுவார், ஆனால் அவசரப்பட மாட்டார். முதலில் நர்ஸை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"மெஷினை ஆஃப் பண்ணினது நீதானே?"

"தினமும் பண்ணுவேன் மேடம். பாட்டில்ல தண்ணி மாத்தணும்ல. மாத்தி, ஆன் பண்ணி, ஐயா மூச்சு நல்லா வருதான்னு பார்த்துட்டுதான் பத்து மணிக்குக் கிளம்பினேன். என் பிள்ளை மேல சத்தியமா."

"மறந்திருக்கலாம்ல?"

"மறந்திருந்தா நான் படியிறங்கறதுக்குள்ளயே ஐயா பட்டனை அழுத்தியிருப்பாரே!"

இன்ஸ்பெக்டர் பட்டனைக் கையுறையோடு வாங்கிப் பார்த்தார். அழுத்தினால் வீட்டிலுள்ள எல்லார் போனும் கத்தும். செய்தி போய்ச் சேர்ந்தால் விளக்கு பச்சை, சேராவிட்டால் சிவப்பு. அடுத்த தடவை அழுத்தும்வரை அந்த நிறம் மாறாது. பெரியவரின் கட்டைவிரல் நுனி கன்றிப்போயிருந்தது.

கைரேகை எடுத்து முடிந்ததும் இன்ஸ்பெக்டரே பட்டனை அழுத்தினார். நர்ஸ், மகன், மருமகள், மூன்று பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின. விளக்கு பச்சைக்கு மாறியது. மருமகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"காலையில இது கத்தலையா?"

"இல்ல மேடம். போன் கையிலதான் இருந்துச்சு. பத்து மணியிலேர்ந்து எங்கம்மாகூட வீடியோவுல பேசிட்டே சமைச்சேன். ஒரு தடவைகூட கட் ஆகல. மாமா கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போன் டவர்லயா பேசினீங்க?"

"இந்தக் காம்பவுண்டுக்குள்ள டவரே கிடையாது மேடம். எல்லாமே வைஃபைதான்."

மகன் குறுக்கே வந்தான். "அவளைக் கேளுங்க மேடம், எங்களை ஏன் கேக்கறீங்க? நான் மேல என் ரூம்ல ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். பத்தேகாலுக்கு ஆரம்பிச்சு பதினொன்னேகாலுக்கு முடிஞ்சுது. ஒரு செகண்ட்கூட கட் ஆகல. வேணும்னா விசாரிச்சுக்கோங்க."

விசாரித்தார். மீட்டிங்கில் இருந்த நண்பர் அப்படியே ஒப்பித்தார். "முழுக்க இருந்தாரு மேடம். பின்னாடி எல்லாத்தையும் மங்கலாக்கி வச்சிருந்தாரு. மூஞ்சி மட்டும் வேர்த்துக் கொட்டுச்சு. ஏசி ரூம்ல உக்காந்து இப்படி வேர்க்குதேன்னு கிண்டல்கூட பண்ணோம்."

ஒரு மணிக்கு மகனின் தங்கை வந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது இந்த வீட்டில் வைஃபை பெட்டிகளைப் பொருத்தியவள் அவள்தான். நடுமாடி வராண்டாவில், அப்பாவின் அறை வாசலை ஒட்டி, ஒரு பெட்டி பச்சை விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"எத்தனை பெட்டிம்மா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மாடிக்கு ஒன்னு, மொத்தம் மூணு மேடம். பழைய காலத்துச் சுவர், கீழ இருந்து சிக்னல் மேல வராது. அப்பா ரூம்ல சுத்தமா கிடைக்கல. பட்டன் வேலை செய்யணுமேன்னுதான் இதை வாங்கினேன்."

"தெருவிலேர்ந்து வர்ற வயர் மூணுக்கும் போகுதா?"

"கீழ ஹால்ல இருக்கறதுக்கு மட்டும்தான். நடுவுல இருக்கறது கீழ்ப்பெட்டிகிட்ட வாங்கிக்கும். மேல இருக்கறது நடுப்பெட்டிகிட்ட வாங்கிக்கும். கை மாத்தி கை மாத்திப் போகும்."

"இது வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?"

தங்கை கசப்பாகச் சிரித்தாள். "யாரு கேட்டா? நெட் வருதா, அது போதும்னு இருப்பாங்க. அண்ணன் அன்னைக்கு எட்டிக்கூடப் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் மேல்மாடியிலிருந்து வீட்டுக்கு வெளியே இறங்கும் படியையும், கீழே ஹால் ஜன்னலை ஒட்டியிருந்த கார் ஷெட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, கூட வந்த கான்ஸ்டபிளின் காதில் ஏதோ சொன்னார். பிறகு எல்லாரையும் மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். ஏசி அறை, மேஜை, லேப்டாப்.

"உங்க நண்பரைக் கூப்பிடுங்க சார். ஒரு சின்ன சந்தேகம்."

மகன் கூப்பிட்டான். திரையில் நண்பர் வந்தார். "என்னடா ஆச்சு, அப்பா..." என்று ஆரம்பித்தவர் திறந்த வாயோடு அப்படியே உறைந்துவிட்டார்.

யாராக இருந்தாலும் 'ஹலோ, ஹலோ' என்று கத்தியிருப்பார்கள். மகன் கத்தவில்லை. அவன் பார்வை கீழே இறங்கும் படிக்கட்டுக்குப் போனது.

"என் ஆளு நடுமாடிப் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கியிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேல நெட் போச்சு. கீழ உங்க மனைவிக்கு இருக்கும். இதே மாதிரிதான் காலையிலயும் இருந்திருக்கு. உங்கப்பா விரல் கன்றிப்போற அளவுக்கு அழுத்தியிருக்கார், விளக்கு சிவப்பு. கீழ பேச்சு ஓடிட்டிருக்கு. அப்போ செத்துக் கிடந்தது நடுப்பெட்டி மட்டும்தான். நடுப்பெட்டி இல்லாம இந்த ரூம்ல ஒரு மணி நேரம் எப்படி சார் மீட்டிங் நடந்துச்சு?"

"நர்ஸ்கூடப் பிடுங்கியிருக்கலாமே!"

"பிடுங்கியிருக்கலாம். அப்படின்னா உங்க மீட்டிங் கட் ஆகியிருக்கணும். 'மேல நெட் வரல'ன்னு நீங்கதான் முதல்ல கத்தியிருக்கணும். அதை விட்டுட்டு எதுக்குப் பொய்?"

இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்.

"நர்ஸ் போனதும் மெஷினை நிறுத்தினீங்க. பட்டன் கத்தக் கூடாதுன்னு பெட்டியையும் நிறுத்தினீங்க. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனின்னு நினைச்சு மேல வந்து உக்காந்தா இங்கயும் நெட் இல்ல. பெட்டியைத் திரும்பப் போட்டா அப்பா கூப்பிடுவார். மீட்டிங்குக்குப் போகலேன்னா சாட்சி இல்ல. லேப்டாப்போட வெளிப்படி வழியா இறங்கி, ஹால் ஜன்னலை ஒட்டின கார் ஷெட்டுக்குப் போனீங்க. கீழ்ப்பெட்டி எட்டற இடத்துல, உங்க மனைவி கண்ணுல படாத இடம் அது ஒன்னுதான். கண்ணாடி ஏத்தின காருக்குள்ள வேர்க்காம என்ன செய்யும்? முடிஞ்சதும் பெட்டியை ஆன் பண்ணிட்டு மேல வந்துட்டீங்க. நர்ஸ் தலையில விழட்டும்னு மெஷினை அப்படியே விட்டுட்டீங்க. மூடின கைக்குள்ள சிவப்பு விளக்கு எரியறதை மட்டும் பார்க்கல."

மகன் நாற்காலியில் சரிந்தான். "ரெண்டு தடவை வெளிநாட்டு வேலை வந்துச்சு. ரெண்டு தடவையும் இவ மாமாவை விட்டுட்டு வர மாட்டேன்னா. மூணாவது தடவை வந்திருக்கு. நான் எத்தனை வருஷம்தான் காத்திருக்கறது?"

இன்ஸ்பெக்டர் நர்ஸிடம், "நீ வீட்டுக்குப் போலாம்மா," என்றார். அவள் நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

மருமகள் கணவன் எதிரே வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"மாமா மாடியில மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தப்போ கார்ல உக்காந்து அப்படி என்னதாங்க பேசினீங்க?"



"சிக்னல் விட்டு விட்டு வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு," என்றான். "நான் பேசறது எல்லாருக்கும் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

தங்கை அண்ணன் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போய் அப்பாவின் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.