காதில் சொன்ன பெயர்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கௌரி தன் சோற்றுக்கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பத்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டால் என்ன? தாய் யோகராணி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "பள்ளிக்கூடத்தில ஏதோ பழகிக்கொண்டு வந்திருக்கிறாள், விடுங்கோ" என்று புருஷனுக்குச் சொல்லிவிட்டுக் கறியைப் போட்டாள். தியாகலிங்கம் மாஸ்டருக்குத்தான் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வொரு வாய்க்கும் இடைவெளி விட்டு அவள் சாப்பிடுகிற விதத்தை அவர் முன்பு ஒரு இடத்தில் கண்டிருக்கிறார். அது ஒகுரோவில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து வாத்திமார் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் மாஸ்டரும் ஒருவர். ஒகுரோ அங்கே ஒரு குட்டி இராச்சியம். அரசரின் ஒரே மகன் ஃபொலாரின் அவரிடம் கணக்குப் படித்தவன். மழை நாளில் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வீடுவரை வந்துவிட்டுப் போகிற பெடியன். அந்த ஊர் வழக்கப்படி, சாகக்கிடக்கும் அரசர் தனக்கு அடுத்தவரின் பெயரை ஒரு வெளியாளின் காதில்தான் சொல்வார். ஊரான் எவனும் ஏதோ ஒரு பக்கத்துக்காரன், வெளியாளுக்குப் பக்கம் கிடையாது என்று அந்த அப்பாவிச் சனம் நம்பியது. எண்பத்தைந்தில் அந்தக் காது மாஸ்டருடையதாக இருந்தது. கிழவர் சுடுமூச்சோடு "ஃபொலாரின்" என்றார்.

அரசரின் தம்பி அரசாங்கத்தில் பெரிய ஆள். நியூசிலாந்துக்குப் புறப்பட மாஸ்டருக்குத் தேவைப்பட்ட பொலிஸ் சான்றிதழ் அந்த ஆளின் மேசையில் மாதக்கணக்காகக் கிடந்தது. ஏழு பிரதானிகளுக்கு முன்னால், செத்தவருடைய கோலில் கையை வைத்து, மாஸ்டர் அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னார். மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. இரண்டாம் கிழமை ஃபொலாரினை ஆற்றிலிருந்து தூக்கினார்கள். பெடியன் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நம்பி யோகராணி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பக்கத்தில் இருந்து அவளுக்கு ஆறுதல் சொன்ன மனிதரை என்னவென்று சொல்வது!

இப்போது எண்பத்தேழாம் ஆண்டு ஜூலை, நியூசிலாந்தில் குளிர்காலம். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பாதையோரம் ஒரு பழைய பலகை வீடு, வாடகைக்கு. மாஸ்டருக்கு விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை.

புதன்கிழமை விடாத மழை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நடைவழிக்கு மேலே, சீலிங்குக்கும் தகரக் கூரைக்கும் இடையில், பாரமான ஏதோ ஒன்று ஒரு வளைமரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்து, பலகை முனக, மழைச் சத்தத்துக்குள்ளே மெல்ல இறங்கி உட்கார்வது அவருக்குக் கேட்டது. "பொசமாக்கும்" என்றாள் யோகராணி. பூனையளவு மரவிலங்கான பொசம் கூரைக்குள் புகுவது இந்த ஊரில் புதினமில்லை. மாஸ்டர் ஏணியை வைத்து, சீலிங்கில் இருந்த சதுரப் பலகையை நீக்கி, டோர்ச்சோடு தலையை உள்ளே விட்டார். ஐம்பது வருடத்துத் தூசி, ஈரப் பலகை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒகுரோவில் சமைக்கிற பாமெண்ணெயின் காரநெடி. பொசம் இல்லை. நடுவில், சம்மணம் கட்டி ஒருவர் இருக்கக்கூடிய அளவில், தூசி துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. அவர் அந்த இடத்தைத் தொட்டார். இளஞ்சூடாக இருந்தது.

ஒகுரோவில் அரசர் செத்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை. உரியவர் ஆசனத்தில் அமரும்வரை அவர் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே ஏறி இருப்பார். அதுவரை அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்குத் தலையை வழித்து, அரசருடைய உடுப்பைப் போட்டு, ஆசனத்தில் வைத்திருப்பார்கள். அவள் சாப்பிடும்போது முகத்தை யாரும் பார்க்கக்கூடாது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. உரியவர் வந்த அன்று அவள் எழும்பிப் பழையபடி பெண்பிள்ளையாக வீட்டுக்குப் போவாள். எந்த வீட்டுக் கூரையில் கிழவர் இருக்கிறார் என்று மாஸ்டருக்கு இப்போது தெரியும். அந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்றும் தெரியும்.

வியாழக்கிழமை மூன்று தரம் கூப்பிட்டார். "கௌரி." பிள்ளை புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை. நான்காம் தரம் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். எப்போதும்போல இங்கிலிஷில்தான் பேசினாள், ஆனால் சிணுங்கல் இல்லை, கோபம் இல்லை. "டோன்ட் கால் மீ தட்" என்றாள். பிறகு, "யூ ஷுட் நாட் பி ஸ்டாண்டிங்" என்றாள். மாஸ்டர் தன்னை அறியாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. உண்மைப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் கிழவர் இறங்கிப் போய்விடுவார், பிள்ளை தப்பிவிடும். ஆனால் யோகராணிக்கும் கேட்குமே. பிறகு அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டு, காலையில் அவள் எழும்புமுன் வேலைக்குப் போனார். கோழை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஃபோர்மன் வந்து டெலிஃபோன் என்றான்.

"கெதியா வாங்கோ," யோகராணி குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். "பிள்ளை உங்கட சவர அலகை எடுத்துக்கொண்டு அறைக்குள்ள பூட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளுக்க ஆரோ ஆம்பிளை கதைச்சுக் கேக்குது."

"கதவை உடை."

"உடைக்கேலாதப்பா," என்றாள். "எனக்கு எழும்பி நிக்க ஏலாமல் கிடக்குது."

மோட்டர்வேயில் மழை கண்ணாடியை மறைத்தது. வைப்பரின் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வரும்போது ஐந்தரை, ஊர் இருண்டுவிட்டது. வீட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.

முன்கதவு திறந்திருந்தது. பாமெண்ணெய் மணம். நடைவழியில் காலுக்குள் ஏதோ மெத்தென்று மிதிபட்டது. குனிந்து தொட்டார். மயிர். கௌரியின் நீளப் பின்னல், ரிப்பனோடு. அதற்கு அப்பால் இன்னும் மயிர். ஈரமாக.

முன்னறையில், யன்னலால் விழுந்த தெரு விளக்கு வெளிச்சத்தில், அவருடைய கதிரையில் அவள் இருந்தாள். அவருடைய பழுப்பு நிறக் கோட்டு அவளுடைய பாதம்வரை கிடந்தது. வழித்த தலை. வெட்டுக் காயங்கள். யோகராணி தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தாள்.

மாஸ்டர் முழங்காலில் விழுந்தார். "ஃபொலாரின்," என்றார். "அவன்ர பேரைத்தான் நீங்கள் என்ர காதில சொன்னனீங்கள். நான் பொய் சொன்னன். நான்தான் அவனைக் கொன்றன். என்ர பிள்ளையை விடுங்கோ."

யோகராணியின் முதுகு ஒருதரம் குலுங்கியது. தலை நிமிரவில்லை.

மேலே பலகை முனகியது. எழும்பும் சத்தம். நடைவழிப் பக்கம் ஏதோ குதிக்காமல், விழாமல், நிதானமாகத் தரைக்கு வந்தது. இறங்கிவிட்டார். மாஸ்டருக்கு அழுகை வந்தது. இனிக் கிழவர் போய்விடுவார். பிள்ளை எழும்பிவிடும்.

காலடி வாசலுக்குப் போகவில்லை. அவரைக் கடந்து முன்னறைக்குள் வந்தது.

கௌரி வாய் திறந்தாள். அந்தப் பிள்ளை வீட்டில் தமிழில் பதில் சொன்னதே இல்லை. இப்போது தமிழ், தெளிவான தமிழ்.

"சரி. அவனைக் கூட்டிக்கொண்டு வா. வந்து இருக்கட்டும். நான் எழும்புறன்."

மாஸ்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். எங்கே போய்க் கூட்டிவருவது? ஆற்றிலிருந்தா?

அவள் காத்திருந்தாள். கதிரைக்குப் பின்னாலிருந்து சுருங்கிய கறுத்த கையொன்று நீண்டு வந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பாசிமணி. அது கௌரியின் தலையிலிருந்து வழிந்த இரத்தத்தைப் பெருவிரலால் துடைத்தது, மெல்ல மெல்ல, நோகாமல், தன் சொந்தப் பிள்ளையைத் துடைப்பதுபோல. அவள் கண்ணை மூடி அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்தாள்.