வால்வெள்ளிக் கப்பலின் ஐந்தாவது இருக்கை

ஐந்தாவது இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

நெரிடா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீடியோ டேப்பைப் பின்னுக்கு ஓட்டினாள். 'வால்வெள்ளிக் கப்பல்' கார்ட்டூன் தொடங்கும் அதே எக்காள இசை. கேப்டன், இரட்டைச் சிறுமிகள், தகர மூஞ்சி ரோபோ என ஒவ்வொருவராகத் திரும்பிச் சிரித்தார்கள். கடைசி இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். சின்ன வயதில், பள்ளி விட்டு வந்ததும் அவளும் வேட் என்ற தம்பியும் 'அது எனக்கு, எனக்கு' என்று அதற்காகத்தான் கட்டிப் புரளுவார்கள். இப்போது அதில் ஒரு சிறிய முதுகு தெரிந்தது.

அந்தக் கார்ட்டூன் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் நினைவில் இல்லை. சில வாரங்கள் ஓடிவிட்டு நின்றுபோனது. கனவு கண்டிருப்பாய் என்று அவள் கணவன்கூடக் கேலி செய்வான். இன்று காலை பழைய சாமான் கடைப் பெட்டியில் இந்த டேப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே புழுதிப்புயல் எழும்பியிருந்தது. பட்டப்பகலிலேயே ப்ரோக்கன் ஹில் ஊரின் வானம் செங்கல் நிறத்துக்கு இருண்டு, தகரக் கூரை முனக, ஜன்னல் இடுக்குகளில் நுழைந்த மண் வாசனையோடு ஈரச் சாயம் போன்ற இன்னொரு வாசனையும் மெல்ல மெல்ல அறைக்குள் பரவிக்கொண்டிருந்தது.

அடிலெய்டில் இருந்த தம்பியைப் போனில் அழைத்தாள்.

"டேய் வேட், நம்ம வால்வெள்ளிக் கப்பல்ல அஞ்சாவது சீட்ல யாராவது உட்காருவாங்களா?"

"லூசா நீ? அது காலி சீட்டு. அதுக்காகத்தானே என் முன்பல்லைப் பேத்தே!"

"இதுல ஒரு பையன் இருக்கான்டா."

வேட் சிரிக்கவில்லை. "முகம் தெரியுதா?"

"இல்ல. ஏன்?"

"உனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு நான் தனியாப் பார்த்தேன். அவன் இருந்தான் நெரி. திரும்பினான். அதுக்கப்புறம் நான் டிவி பக்கமே போகல. நீ முதல்ல அதை நிறுத்து."

அவள் பொத்தானை அழுத்தினாள். படம் உறைந்து நின்றது. நால்வரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது இருக்கை காலி.

மின்வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. எக்காள இசை மட்டும் நிற்கவில்லை. வராந்தாவில் யாரோ அதை வாயால் முனகிக்கொண்டிருந்தார்கள்.

"நெரி, திற. இப்ப உன் முறை."

வேடின் குரல். ஒன்பது வயது வேடின் குரல்.

"யார் அது?" போனில் வேட் கத்தினான். "நெரி, அங்க யாரு?"

அவள் வராந்தா பக்கம் திரும்பினாள். புழுதிக்குப் பயந்து மரக்கதவைச் சாத்தியிருந்தாள். இப்போது அது திறந்து கிடந்தது. நடுவே கொசுவலைக் கதவு மட்டும்.

வலைக்கு அப்பால் செம்புழுதி சுழன்றது. அதில் ஒரு சிறிய கை.

புழுதி அதன்மேல் ஒட்டவில்லை. மடிப்பு இல்லை. நிழல் இல்லை. ஒரே தட்டையான இளஞ்சிவப்பு. சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு.

நான்கே விரல்கள்.

வலை கிழியவில்லை. கை உள்ளே வந்தது. கதவின் கொக்கியைத் தடவித் தேடியது.