குறுக்கே கடந்தது

பண்பொழியில் அந்த மாடிவீட்டை ஹஸீபாவுக்குப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். இருவரும் ஒரே ஆய்வுக்குழு. கண்ணுக்கே தெரியாத மங்கிய நட்சத்திரத்தின் குறுக்கே கிரகம் ஏதாவது கடந்தால், அதன் ஒளி துளியளவு குறையும். அதைப் பிடிக்க இருட்டான ஊர் தேவைப்பட்டது. வீட்டுக்கார அம்மா ஆவுடையம்மாள் சாவியைக் கொடுத்தார். மாடிப் பக்கம் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மூன்றாம் இரவு ஒளி குறைந்தது. பதினோரு நிமிடம். ஆறாம் இரவும் அதே நேரம், அதே பதினோரு நிமிடம்.

"கெடைச்சிட்டு பெலிக்ஸ்!" என்று போனில் கத்தினாள்.

ஒன்பதாம் இரவு வீரகேரளம்புதூரில் என் வீட்டு மாடியிலிருந்து நானும் தொலைநோக்கியில் அதே நட்சத்திரத்தைப் பார்த்தேன். அவளுக்குக் குறைந்த ஒளி எனக்குக் குறையவில்லை.

அப்படியென்றால் கடந்தது வானத்தில் இல்லை. அவள் தலைக்கு மேலே, மிக அருகில்.

மேகமும் இல்லை, பக்கத்து நட்சத்திரங்கள் மங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் எடுத்த ஒளி வரைபடத்தில் அந்தக் குறைவின் பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே வந்தது.

"அது கிட்ட வருதுன்னு நெனைக்கேன். ஈரத்துணி மக்குன வாடை அடிக்கு. நான் ஊருக்குப் போயிரட்டா?"

அது என்னவென்று அறிய எனக்கு அந்தப் பள்ளம் வேண்டியிருந்தது.

"இன்னும் ஒரே ஒருதடவை எடுத்துரு. அதுக்கப்புறம் போ."

பன்னிரண்டாம் இரவு போனை வைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"கொறையுது... பாதி போயிட்டு."

மலைக்காற்று போனில் இரைந்தது.

"ஒண்ணுமே தெரியல பெலிக்ஸ். முழுசா மறைச்சிட்டு."

பிறகு கிசுகிசுப்பாக, "டெலஸ்கோப்புக்கு முன்னால நிக்கு."

இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

பிறகு ஒருவர்.

விடியும்போது பண்பொழியில் இருந்தேன். மாடியில் தொலைநோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஹஸீபா இல்லை. கீழே ஆவுடையம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல ஆளிருந்தா அது கீழ எறங்காது, தம்பி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா?"

ஒரு சேலையை உதறி விரித்துவிட்டுக் கேட்டார்: "வேற யாரும் வருவாவளா?"

போலீஸ் இரண்டு மாதம் தேடியது. அவள் போக வேண்டும் என்று கேட்டதையோ, நான் தடுத்ததையோ அவர்களிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடமும் சொல்லவில்லை.

நேற்று இரவு என் வீட்டு மாடியில் வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒளி குறைந்தது. பதினோரு நிமிடம்.

ஒளி பழையபடி ஏறிய மறுகணமே இன்னொன்று குறுக்கே கடந்தது. கொஞ்சம் சின்னதாக, ஓர் ஆள் அளவுக்கு.