காய் விட்ட இரண்டு நாடுகள்

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது தங்கபாயின் வேலை. மூன்றாம் வகுப்பிலிருந்தே அவள்தான். அந்த மேடையில் வேறொருத்தி ஏறுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஏழாம் வகுப்பில் அசீனா வந்து சேர்ந்தாள். அவளுடைய அத்தா ராஜபாளையத்தில் வைத்திருந்த துணிக்கடையை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றியிருந்தார். அசீனாவின் குரல் கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்கும்.

1989 டிசம்பர் மாதம் ஒருநாள் அழகுத்தாய் டீச்சர் செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினார். "அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இத்தனை வருசமா இருந்த பனிப்போர் முடியுதுன்னு போட்டிருக்கு. அதுக்கு ஏன் அந்தப் பேரு? அடுத்த திங்கக்கிழமை வழிபாட்டுல அசீனா சொல்லட்டும்."

தன் மேடையில் அசீனாவா? தங்கபாய்க்குப் பொறுக்கவில்லை.

மணி அடித்ததும் அசீனாவின் முன்னால் போய் நின்றாள். கட்டைவிரலை மோவாயில் வைத்துச் சுண்டினாள். "காய்!"

அசீனாவுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் விடுவாளா? "நானும் காய்!"

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ரத்தினம்தான் மாட்டிக்கொண்டாள்.

"ரத்தினம், அவகிட்ட ஸ்கேல் கேளு."

"ரத்தினம், தரமாட்டேன்னு சொல்லு."

மறுநாள் தங்கபாய் வீட்டிலிருந்து பால்கோவா கொண்டுவந்து ரத்தினத்துக்கு மட்டும் கொடுத்தாள். அதற்கு மறுநாள் அசீனா சம்சா கொண்டுவந்தாள். உடனே தங்கபாய் இரண்டு மடங்கு பால்கோவா கொண்டுவந்தாள். அசீனா காந்தம் வைத்த பென்சில் டப்பா வாங்கினாள். தங்கபாய் அழுது அடம்பிடித்து அதைவிடப் பெரிய டப்பா வாங்கினாள். ரத்தினம் யார் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கமும் தின்றாள்.

சனிக்கிழமை தங்கபாய் நூலகத்துக்குப் போனாள். அசீனாவைவிடத் தனக்கு அதிகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடித்த புத்தகத்தில் தேடியது கிடைத்தது. படித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் ரத்தினம் ஓடிவந்தாள். "ஏட்டி, அசீனா என்ன பேசப் போறா தெரியுமா? ரஷ்யாவுல ஒரே பனியாம். பனிக்குள்ள நின்னு சுட்டுக்கிட்டாங்களாம். அதனாலதான் பனிப்போராம்!"

தப்பு! முழுக்கத் தப்பு! தங்கபாய்க்குச் சிரிப்புப் பொங்கியது. பேசட்டும். பள்ளிக்கூடமே சிரிக்கட்டும். அடுத்த வாரம் மேடை தானாகத் திரும்பி வரும்.

அப்போது பள்ளி வாசலில் அசீனாவின் அத்தா பிச்சை முகம்மது நின்றுகொண்டிருந்தார். மகள் பேசுவதைக் கேட்கக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"நீதான தங்கபாய்? வீட்டுல எப்பவும் உன் பேச்சுதாம்மா. நீ வாசிக்கிற மாதிரி அவளுக்கு வரலையாம். ராத்திரி பொறாமையில ஒரே அழுகை."

தங்கபாய் திகைத்தாள். அசீனாவுக்கா? தன்மேலா?

மேடைக்குப் பக்கத்தில் அசீனா கையில் தாளோடு நின்றாள். எழுதியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபாய் அவளிடம் ஓடினாள்.

"ஏட்டி, நீ எழுதினது தப்பு! யாரும் பனியில நின்னு சண்டை போடல."

அசீனா முறைத்தாள். "என்னைத் தப்பாச் சொல்ல வச்சு மாட்டிவிடப் பாக்கியா? நாம காய்தான?"

வழிபாட்டு மணி அடித்தது. வரிசைகள் நகர்ந்தன. முதலில் இறங்கிப்போனால் மானம் போய்விடும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்த தங்கபாய், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள்.

"பழம்! பழம் விட்டுட்டு யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?"

அசீனா அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு மெல்லத் தன் இரு விரல்களால் தொட்டாள். "சரி, சீக்கிரம் சொல்லு."

"குண்டு வெடிச்சா அது சூடான சண்டை. இவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா மோதல. ஆனா குண்டு மட்டும் போட்டி போட்டுச் சேத்தாங்க. உன்னைவிட எனக்குப் பெருசுன்னு. உள்ளுக்குள்ள ரெண்டு பேருக்குமே பயம். சூடு இல்லாத சண்டைங்கிறதால அந்தப் பேரு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச வருசம் இங்கிலாந்துல ஒரு எழுத்தாளர் எழுதினாராம். ரெண்டு வருசம் கழிச்சு அமெரிக்காவுல ஒரு பெரியவர் மேடையில சொன்னாராம். பொறவு ஒரு பத்திரிகைக்காரர் அதையே புத்தகத்துக்குத் தலைப்பா வச்சாராம். பேரு ஒட்டிக்கிட்டுது."

"அம்புட்டும் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும். ரெண்டு நாடும் காய். அதை மட்டும் மறக்காத!"

அசீனா மேடை ஏறினாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கடைசியில், "நாம காய் விடுற மாதிரிதான் அவங்களும் விட்டாங்க. இப்பத்தான் பழம் விடுறாங்க" என்றாள். பள்ளிக்கூடமே கைதட்டியது. அழகுத்தாய் டீச்சரும் சிரித்துவிட்டார்.

அந்தக் கைதட்டலைக் கேட்டபோது தங்கபாய்க்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

இறங்கி வந்த அசீனா கேட்டாள்: "அடுத்த வாரம் நீ வாசிக்கியா? எப்படி வாசிக்கிறதுன்னு எனக்கும் சொல்லித் தாரியா?"

மதியம் தங்கபாயும் அசீனாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பால்கோவா அந்தப் பக்கம் போனது. சம்சா இந்தப் பக்கம் வந்தது. பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விட்ட ரத்தினம், தன் டப்பாவைத் திறந்து அதிலிருந்த தயிர்ச்சோற்றைச் சோகமாகப் பார்த்தாள்.

"ஏட்டி, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு வாரம் காயாவே இருந்திருக்கக் கூடாதா?"