பதினாலாம் நம்பரிலிருந்து ஒரு சாவுச் செய்தி

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

காலை ஏழு நாற்பது.

செய்தி அறையின் இன்டர்காம் அலறியது.

காத்தூன் பேனாவைக் கீழே வைத்தாள். இன்னும் இருபது நிமிடத்தில் அவள் மைக் முன்னால் உட்கார வேண்டும். குருபரப்பள்ளி ஹைவேயிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது 'நிழற்சோலை' முதியோர் குடியிருப்பு. அறுபத்திரண்டு வீடுகள். எல்லா வரிசையிலும் ஒலிபெருக்கி. தினமும் எட்டு மணிக்குக் காத்தூனின் குரல்தான் அங்கே செய்தி.

யாருக்குப் பிறந்த நாள்... மத்தியானம் மெஸ்ஸில் என்ன குழம்பு... எந்த வரிசைக்குத் தண்ணீர் வராது... கண் டாக்டர் என்றைக்கு வருகிறார்...

எப்போதாவது, ஒரு சாவு.

"நியூஸ் ரூம்... சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சு இரைத்தது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத ஒரு கரகரப்பு.

"பதினாலாம் நம்பர் வீடு... சென்னகிருஷ்ணன்... செத்துட்டாரு. மைக்ல சொல்லுங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க..."

"யாருங்க பேசறது?"

டொக்!

போன் செத்தது.

காத்தூனுக்கு வயது அறுபத்தாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஹெட்போன் மாட்டியவள். ஒரு 'ஹலோ'வை வைத்தே ஆளின் ஊரைச் சொல்லிவிடுவாள். இந்தக் குரல் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

மைக்கை ஒருமுறை பார்த்தாள்.

ஊஹூம்... கண்ணால் பார்க்காமல் சாவை வாசிக்கக் கூடாது! போன வருடம் யாரோ சொன்னதை நம்பி ஒருவருக்கு இரங்கல் வாசித்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து அந்த மனிதரே நேரில் வந்து, "நல்லா வாசிச்சீங்கம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதினாலாம் நம்பருக்கு நடந்தாள்... இல்லை, ஓடினாள்.

பெல்லை அழுத்தினாள்.

பதில் இல்லை.

மறுபடி... மறுபடி... ஆறாவது தடவை உள்ளே எதுவோ உருண்டு விழும் சத்தம்.

கதவு திறந்தது.

செத்துப்போனவர் நின்றுகொண்டிருந்தார்!

"என்னம்மா... காலங்காத்தால?"

சென்னகிருஷ்ணன். எழுபத்திரண்டு வயது. சிங்காரப்பேட்டை பக்கம் பெரிய விவசாயக் குடும்பம். ஆறு மாதம் முன்னால் மனைவி லட்சுமியம்மாளோடு இங்கே குடி வந்தவர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"நீங்க... நீங்க நல்லா இருக்கீங்களாண்ணா?"

"எனக்கென்ன கேடு?"

"இல்லீங்... நீங்க செத்துட்டீங்கன்னு போன் வந்துச்சு."

அவர் விழித்தார். அப்புறம் சிரித்தார்.

"நான் செத்தா எனக்குத் தெரியாதாம்மா? எவனோ வெளாடறான்."

"அண்ணி எப்படி இருக்காங்க? ஒரு எட்டு பாத்துட்டுப் போறேனே..."

"தூங்கறா." சிரிப்பு சட்டென்று நின்றது. "பக்கவாதம் வந்ததுலேர்ந்து பேச்சு இல்ல, நடை இல்ல. அவளை எழுப்பாத. போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது.

எட்டு மணிச் செய்தியைக் காத்தூன் தட்டுத் தடுமாறி வாசித்தாள். முள்ளங்கி சாம்பாரை முருங்கை சாம்பார் என்றாள். 'பி' வரிசைக்கு வராத தண்ணீரை 'டி' வரிசைக்கு நிறுத்திவிட்டாள்.

உட்கார முடியவில்லை. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"என்ன காத்தூனு, தேள் கொட்டினாப்புல அலையற?"

அவள் கணவர் மெஹபூப் பாஷா பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். முழங்கால் வலி, ஊன்றுகோல் இல்லாமல் நகர மாட்டார்.

காத்தூன் சொன்னாள்.

"சும்மா வெளாட்டுக்குப் பண்றவன் 'எல்லாரும் வாங்க'ன்னு ஏங்க கெஞ்சணும்?"

பாஷா இன்டர்காமைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அதன் குட்டித் திரையைப் பார்த்தார்.

"கடைசியா எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்னு இதுலயே இருக்குதேம்மா. ஒன்னு... நாலு. பதினாலு!"

"என்னது...! அவங்க வீட்டு போனா?"

காத்தூனின் விரல் தானாகவே ஒன்று, நான்கு அழுத்தியது.

யோசிக்கவில்லை. அதுதான் தப்பு!

"அண்ணா, நான்தான். அந்த போன் வெளியேர்ந்து வரல. உங்க வீட்டு போன்லேர்ந்தே வந்திருக்குது. ஜாக்கிரதையா இருங்க, வீட்டுக்குள்ள யாராவது..."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.



"எப்போ வந்துச்சு?" சென்னகிருஷ்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"ஏழு நாப்பதுக்குங்."

"சரி. நான் பாத்துக்கறேன்."

டொக்!

காத்தூன் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள்.

"அவரு 'யாரு'ன்னு கேக்கலைங்க... 'எப்போ'ன்னு கேட்டாரு!"

"அதுக்கு?"

"அந்த வீட்டுல ரெண்டே பேரு. அவரு தான் செத்ததைத் தானே சொல்லல. அப்போ..."

"பேச்சே வராத அம்மா எப்படிம்மா பேசும்?"

"வராதுன்னு யாருங்க சொன்னது? அவருதானே!"

மறுபடி பதினாலு அழுத்தினாள். மணி போகவில்லை. கொர்ர்ர் என்ற வெற்றுச் சத்தம்.

ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்!

மேனேஜர் மாதேஷ் ஆபீஸில் ஏசி ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது. எதற்கெடுத்தாலும் ரூல் புத்தகம்.

"மேடம், அது ஃபேமிலி மேட்டர். ரெசிடென்ட் கூப்பிடாம வீட்டுக்குள்ள போனா என் வேலை போயிடும்."

"அந்தம்மாவைப் பாத்து மூணு வாரம் ஆச்சு தம்பி. நர்ஸ் அனிதா உள்ள போனாளா, கேளு!"

"அவரே பாத்துக்கறேன்னுட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன் மேடம். இன்னைக்குப் பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கே வர்றாங்க. ஹைவே ஓரத்துல அந்தம்மா பேர்ல மாந்தோப்பு இருக்குதாம்ல... அதை அவரு பேருக்கு மாத்தறாங்க. கைநாட்டு வெக்க இங்க் பேடு கூட நேத்து எங்கிட்டதான் வாங்கினாரு."

"கைநாட்டா?"

"ஆமா."

"அந்தம்மா ஊத்தங்கரை ஸ்கூல்ல இருபத்தெட்டு வருஷம் டீச்சர்டா! கையெழுத்து அச்சடிச்சாப்புல இருக்கும்!"

"பக்கவாதம் வந்தா கை எப்படி மேடம்..."

"பக்கவாதம்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

மாதேஷ் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"போ... போலீஸுக்கு வேணா போன் பண்றேன்..."

பண்ணினான். ஹைவேயில் மேம்பால வேலை, லாரிகள் நிற்கின்றன, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது.

முக்கால் மணி நேரம்!

அந்த அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன் பண்ணினாள். நான் அதைப் பூப்போல எடுத்து, அவளை அடைத்து வைத்தவனிடமே கொடுத்துவிட்டேன்... யா அல்லா!

கதவைத் தட்டினால் திறக்க மாட்டான். ஒரு ஆள் போனால் விரட்டுவான். இரண்டு பேர் போனாலும் விரட்டுவான்.

எத்தனை பேர் போனால் விரட்ட முடியாது?

எல்லாரும்!

காத்தூன் திரும்பி ஓடினாள். செய்தி அறை. மைக். சிவப்பு விளக்கு.

"நிழற்சோலை குடும்பத்தினருக்கு ஒரு துயரச் செய்தி. பதினாலாம் நம்பர் வீட்டுச் சென்னகிருஷ்ணன் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். இன்னும் பத்தே நிமிடத்தில் உடலை எடுக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் உடனே வரவும்... உடனே!"

முப்பது விநாடி நிசப்தம்.

அப்புறம் கதவுகள் திறக்கும் சத்தம்... ஒன்று, பத்து, நாற்பது!

வாக்கர்கள் தடதடத்தன. வீல்சேர் ஒன்று முந்தியது. பாதி ஷேவிங்கில் நுரை முகத்தோடு வெங்கடப்பன் ஓடி வந்தார்.

"அய்யய்யோ, ஏமய்யிந்தி... என்னாச்சு? நேத்துகூட எங்கூட கேரம் ஆடினாரே!"

"அய்யோ தேவரே!" என்று பெங்களூர் அம்மா ஒருத்தி கன்னடத்தில் குரலெடுத்தாள். பூஜைக்குத் தொடுத்து வைத்த மாலையோடு முனிலட்சுமி வந்தாள்.

பதினாலாம் நம்பர் வாசலில் அறுபது பேர்!

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. வெளிறிய முகம்.

"நான் உசிரோடதான்யா இருக்கேன்! எல்லாரும் போங்க!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது.

"பரவால்ல சாமி," என்றார் வெங்கடப்பன், "இவ்ளோ தூரம் வந்துட்டோம். உள்ள வந்து பாத்துட்டே போறோம்!"

"போங்கன்னு சொல்றேன்ல!" சென்னகிருஷ்ணன் கதவைத் திறந்து ஒரு அடி வெளியே வந்து கத்தினார்.

கதவைத் திறந்தாரே... அது போதும்!

அவர் திரும்பிச் சாத்துவதற்குள் மெஹபூப் பாஷாவின் ஊன்றுகோல் இடுக்கில் நுழைந்தது.

"தள்ளுங்கப்பா!"

அறுபது பேரின் எடை கதவில் விழுந்தது. அது சுவரில் மோதித் திரும்பியது. காத்தூன் கூடத்தைத் தாண்டினாள். பின்னறை வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. இழுத்தாள்.

கட்டிலில் லட்சுமியம்மாள்.

கை இரண்டும் புடவைத் தலைப்பால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. முகத்தின் மேல் ஒரு தலையணை!

காத்தூன் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

உதடுகள் நீலம். அசைவு இல்லை.

"அனிதா...! எங்க அந்தப் பொண்ணு... அனிதா!"

நர்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மார்பை அழுத்தினாள். கன்னத்தில் தட்டினாள். ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தது.

ஒரு நிமிடம்... ஒன்றரை நிமிடம்...

க்க்ஹ்ஹ்...!

லட்சுமியம்மாள் இருமினாள்.

காத்தூன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வெளியே சென்னகிருஷ்ணன் ஓடப் பார்த்தார். கால் பின்னியது. நாலு வாக்கர்களுக்கு நடுவே சிக்கி நின்றார். முனிலட்சுமிக்கு என்ன தோன்றியதோ, கொண்டுவந்த மாலையை வீணாக்காமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டாள்.

மணி பதினொன்று.

சப்-இன்ஸ்பெக்டர் ரேவதி சென்னகிருஷ்ணனை ஒன்பதரைக்கே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, வராந்தாவில் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் கூழில் தூக்க மாத்திரை. தோப்பைக் கொடுக்க மறுத்த மனைவி. ஊருக்குப் பக்கவாதக் கதை. வாசலில் கூட்டம் கூடியதும், அவள் கத்திவிடக் கூடாதென்று முகத்தில் தலையணை. எல்லாம் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கிளினிக் கட்டிலில் லட்சுமியம்மாள். பக்கத்தில் காத்தூன் மட்டும்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். உங்களை நானே காட்டிக் குடுத்துட்டேன்."

"நீதான் காப்பாத்தவும் செஞ்ச, விடு."

"ஆனா உங்க மூளையே மூளை! 'காப்பாத்து'ன்னா ஒருத்தர் வருவாங்க, 'செத்துட்டாரு'ன்னா ஊரே வரும்னு கணக்குப் போட்டீங்க பாருங்க... பொய்யா இருந்தாலும் என்னா பொய்!"

லட்சுமியம்மாள் கூரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கிட்டே வா என்று விரலை அசைத்தாள்.

"பொய் இல்ல காத்தூனு."

"ஆங்?"

"ரெண்டு நாளா கூழைக் குடிக்கல. சன்னல் வழியா ஊத்திட்டு, தூங்கறாப்புல கெடந்தேன். இன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்கல்ல... காலையில என் கூழ் டம்ளர்ல மாத்திரையை அட்டை அட்டையாப் பொடி பண்ணிப் போட்டாரு. நான் தூங்கறேன்னு நெனச்சு கதவுக்குத் தாழ் போடல, இடுக்கு வழியாப் பாத்தேன். விஷம்னே நெனச்சேன்."

"அப்புறம்?"

"பால்காரன் மணி அடிச்சான். அவரு பால் வாங்கப் போனாரு."



"டம்ளரை... மாத்திட்டீங்களா?"

"ஒரே மாதிரி டம்ளரு. குடிச்சாரு. நாக்காலியிலயே தலை தொங்கிப்போச்சு. உலுக்கினேன், அசையல. முடிஞ்சுதுன்னு நெனச்சுத்தான் கொரலை மாத்திக்கிட்டு உனக்கு போன் பண்ணினேன். அப்புறம் போய்ப் படுத்துக்கிட்டேன்."

"ஏன்... ஓடி வந்திருக்கலாமே?"

"படுத்த படுக்கையாக் கெடக்கறவ மேல யாரு சந்தேகப்படுவா?"

டீச்சரின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நீ ஆறு தடவை பெல் அடிச்சியே... அதுலதான் அந்தாளு எந்திரிச்சுட்டாரு!"

காத்தூன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கட்டின் தடம் பதிந்த அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

பூட்ஸ் சத்தம். ரேவதி உள்ளே வந்தாள், கையில் போன்.

"ஒரு சின்னக் குழப்பம்மா. அந்தாளு நிக்க முடியாம தள்ளாடறாரேன்னு ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்தாங்க. அவரு ரத்தத்துலயும் அதே தூக்க மாத்திரை இருக்குதாம். எப்படிங்க அது?"

லட்சுமியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்தூன் போர்வையை இழுத்து அவள் கழுத்து வரை போர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உப்பு சரியா இருக்குதான்னு பாத்திருப்பாரு மேடம்... ஆம்பளைங்க சமைச்சா ருசி பாத்தே பாதியைக் காலி பண்ணிடுவாங்க!"