விற்றுப்போன பைகள்

பரணில் பழைய பெட்டியைத் தேடிய ஓரகத்தியின் கைக்கு ஒரு மூட்டைதான் அகப்பட்டது. இழுத்த வேகத்தில் முடிச்சு அவிழ்ந்து, தோள்பைகள் பொலபொலவென்று கூடத்தில் கொட்டின. எல்லாம் மகள் தைத்தவை. எல்லாம் எப்போதோ விற்றுப்போனதாக அம்மா சொன்னவை.

அடுக்களை வாசலில் நின்று அம்மா பார்த்துவிட்டாள். இது இன்றைக்கா வெளியே வரவேண்டும்?

கணவர் போன பிறகு அவருடைய அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் பிழைப்பு அம்மாவுக்கும் மகளுக்கும். பெரியப்பா பேச்சை அங்கே யாரும் தட்டியதில்லை. அவர் யார் யாரையோ பிடித்து, கல்லூரி முடிக்கப்போகும் மகளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை சொல்லிவைத்திருந்தார். நேற்று ராத்திரி மகள் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டாள்: "வேண்டாம் பெரியப்பா. என் பை எல்லாம் வித்துப்போச்சு. நான் சொந்தமா தொழில் ஆரம்பிக்கப் போறேன்." அந்தத் தெம்பெல்லாம் இந்த மூட்டையை நம்பி வந்ததுதான்.

"முதலாளியம்மா சரக்கு நம்ம பரண்லதான் வியாபாரம் ஆகுதா?" என்று ஓரகத்தி சிரித்தாள். மகள் வந்து நிற்பதைக் கண்டதும் அவள் சிரிப்பும் நின்றுபோனது.

"ஆஸ்பத்திரில கூட வேலை பாக்கறவங்க வாங்கினாங்கன்னு சொன்னியேம்மா..."

அம்மா கீழே கிடந்த பைகளைப் பார்த்தாள்.

"ஒருத்தராவது வாங்கினாங்களா?"

"காட்டவே இல்லடா கண்ணு... காட்டி, யாராவது வேணாம்னு சொல்லிட்டா நீ விட்டுடுவியோன்னு பயம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ரெண்டு ஷிப்ட் பாத்து நானே அந்தப் பணத்தைக் குடுத்தேன்..."

"அப்போ நீயும் என்னை நம்பல." மகளின் குரல் உடைந்தது. "எனக்கு வராதுன்னு மத்தவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நீ காசு குடுத்துச் சொல்லியிருக்கே."

வெளியே கிளம்பிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் திரும்பினாள் மகள்.

"பெரியப்பா, கொஞ்சம் இருங்க. துணி மாத்திட்டு வரேன். நீங்க சொன்ன வேலைக்கே போறேன்."

அம்மாவும் ஒரு காலத்தில் தையல் கடை வைக்க ஆசைப்பட்டவள்தான். 'உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்று இதே கூடத்தில் ஒரு வார்த்தை விழுந்தது. மறுநாள் மிஷின் மேல் துணியைப் போட்டு மூடியவள், மகள் கேட்கும்வரை எடுக்கவே இல்லை. அப்படி ஒரு வார்த்தை மகள் காதில் விழக்கூடாது என்று பாடுபட்டு, கடைசியில் தன் கையாலேயே அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள். இனி எந்த முகத்தோடு அவளைத் தேற்றுவது?

தரையில் உட்கார்ந்து பைகளை அள்ளினாள். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. அடியில் கிடந்த ஒன்று கைக்கு வந்ததும் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

"அது என்ன?" அறைக்குள் போகத் திரும்பிய மகள் நின்றாள்.

"ஒண்ணுமில்ல..."

மகள் பிடுங்கிப் பார்த்தாள். வாரின் ஒரு முனை பிய்ந்து, ஒரு முடிச்சில் தொங்கியது.

"நான் வேலைக்கு எடுத்துட்டுப் போனது. பஸ்ல இருந்து இறங்கும்போது அறுந்துடுச்சு."

"ஏன் சொல்லல?"

சொன்னால் உடைந்துவிடுவாள் என்று பயந்துதான் சொல்லவில்லை. இப்போது உடைய என்ன மிச்சம்? அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அறுந்தது மட்டுமில்ல. வார் ஒல்லி, தோளை அறுக்குது. தண்ணி பாட்டில் நிக்காம சாயுது..." மூச்சு வாங்கினாள். "ஆனா அன்னிக்குக் கொட்டின மழையில உள்ள ஒரு சொட்டு இறங்கலம்மா. வாரை முடிச்சுப் போட்டு, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் அதைத்தான் தூக்கிட்டுப் போனேன். இது பொய்யில்ல."

மகள் முடிச்சை அவிழ்த்தாள். பையை உள்ளும் புறமும் திருப்பினாள். பிய்ந்த இடத்தை விரலால் தடவினாள்.

"மேல்துணியில மட்டும் தச்சிருக்கேன்," என்றாள் தனக்குத்தானே. "உள்துணியையும் சேத்துப் பிடிச்சிருக்கணும்."

போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நேரமாச்சு. வரியா இல்லையா?" பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வரல பெரியப்பா," என்றாள் மகள், நூலைப் பல்லால் கடித்தபடி. "கஸ்டமர் காத்துக்கிட்டிருக்காங்க."

அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவைத் தவிர யாருமில்லை. அவரும் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்தக் கோபம் சாயங்காலம் திரும்பி வரும். இந்த வீட்டில் இனி எத்தனை நாள் இருக்க முடியுமோ தெரியாது. மிஷின் ஓடும் சத்தத்தில்தான், காத்திருக்கும் கஸ்டமர் யாரென்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தைத்து முடித்த மகள் வந்து, பையை அம்மா தோளில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்கவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளும் விசும்பினாள்.

"இன்னிக்கு நாலு பேருக்குக் காட்டும்மா," என்றாள். "வேணாம்னு சொன்னா, ஏன்னு கேட்டுட்டு வா."