கறுப்பு ரேடியோவின் கீறல்கள்

அந்தக் கறுப்பு ரேடியோவின் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போயிருந்தன. பத்து வருடமாக அவள் பார்த்த கீறல்கள் இப்படி இருந்ததில்லை. சாவிக்கொத்து ஒரு பக்கம் இழுத்திருக்கும், குழந்தை கரண்டியால் இன்னொரு பக்கம் கிறுக்கியிருக்கும். இதுவோ மேலிருந்து கீழாக, துளி இடம் விடாமல், யாரோ பொறுமையாக உட்கார்ந்து உப்புத்தாள் போட்ட கீறல். பளபளப்பைக் கொண்டுவர அவள் மாடாய் உழைக்கிறாள். அதைப் போக்க ஒருவர் உழைத்திருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டாள்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ரேடியோவோ டிவியோ, உள்ளே சரிசெய்வது கணவன் வேலை, வெளியே மின்ன வைப்பது அவள் வேலை. உதிரி பாகம் வாங்க மதியம் கிளம்பும்போது, "அந்தக் கறுப்பு ரேடியோ பாடுது. சும்மா துடைச்சு மட்டும் வை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கேட்கிற ஆளா அவள்? மங்கின பெட்டி ஒன்று தன் மேசையிலிருந்து வெளியே போனால் அவளுக்கு மூக்கறுபட்ட மாதிரி. பின்னால் சோபாவில், காய்ச்சலில் கிடந்த ஐந்து வயது மகள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எண்ணூறு நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆரம்பித்தாள். கீறலை அழிக்க வேறு வழியில்லை, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அந்தக் கீறலின் ஆழத்துக்கே இறக்க வேண்டும். உப்புத்தாளின் சர்சர் சத்தமும், வெளியே விடாமல் பெய்த மழையும், மகளின் அடைத்த மூக்கின் மூச்சும் ஒன்றாகக் கலந்து, ஈரப் பிளாஸ்டிக்கின் புளித்த வாடையோடு அறையை நிறைத்தபோது அவளுக்கே கண் சொக்கியது. இன்னும் நைசான ஆயிரத்தைந்நூறுக்கு மாறி, தேய்த்து, துடைத்துப் பார்த்தாள். கறுப்பில் ஜன்னல் வெள்ளைக் கறையாகத் தெரிந்தது. சோபா தெரிந்தது. கதவோரம் நீளமாக ஏதோ தொங்கியது. குடையாக இருக்கும் என்று நினைத்தவளுக்கு, குடையைக் கணவன் எடுத்துப் போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பினாள். கதவோரம் ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் சமமாக இறங்காவிட்டால் பிம்பம் இப்படித்தான் நெளியும், இன்னும் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூவாயிரம் நம்பர் தாளை எடுத்தாள். அப்புறம் பாலிஷ் பசை, பஞ்சுத் துணி, வட்டவட்டமாக. துடைத்ததும் ரேடியோ கண்ணாடியாகியிருந்தது.

அது சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தும் கூரைக்குக் கழுத்தை மடக்க வேண்டிய உயரம். முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் பளபளப்பு ஏறாமல் மங்கிக் கிடந்தது. நீளமான கை ஒன்று போர்வையின் மேல்.

திரும்பினாள். மகள் மட்டும்தான். ஆனால் குழந்தையின் கால்மாட்டில் சோபாவின் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ரேடியோவைக் கொண்டுவந்த அம்மா என்னங்க சொன்னாங்க?"

"பாட்டு வந்தா போதும், மேல கை வைக்காதீங்கன்னாங்க. ஏன், வச்சிட்டியா?"

அவள் அமுங்கிய மெத்தையையே பார்த்தாள்.

"அவங்களே மூணு நாள் உக்காந்து உப்புத்தாள் போட்டாங்களாம். ஏம்மான்னு கேட்டேன். வீட்ல இன்னும் ஒரு குழந்தை மிச்சமிருக்கேன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

போன் கையிலிருந்து நழுவியது. அவளுக்குப் புரிந்தது. இருப்பதிலேயே சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்து ரேடியோவின் மேல் இழுத்தாள். மேலிருந்து கீழாக. இடம் விடாமல். கறுப்பு வெளுத்தது. ஜன்னல் மறைந்தது, சோபா மறைந்தது, அதுவும் மறைந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

எதிர் அலமாரியில், இந்த வாரம் அவள் மின்ன வைத்த பெட்டிகள். பதினொன்று. பதினொன்றிலும் அது. மகளின் தலைமாட்டுக்கு நகர்ந்திருந்தது.

ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். டிவி. போன். ஸ்பீக்கர். நகம் பிய்ந்தது. ஜன்னல் கண்ணாடியையும் தேய்த்தாள். எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்துத் துணி போட்டாள். அறையில் மினுங்குவது எதுவும் மிச்சமில்லை. இனி அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

"அம்மா, தலையைப் பிடிக்காதே. வலிக்குது."

அவளோ சோபாவைத் தொடாமல், தள்ளி அலமாரியருகே நின்றிருந்தாள்.

ஓடினாள். உப்புத்தாளும் கையுமாகச் சோபாவின் முன்னால் மண்டியிட்டாள். "கண்ணு, அம்மாவைப் பாரும்மா. அம்மாவை மட்டும் பாரு."

மகள் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் நனைந்த கண்கள். கறுப்பாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தன. அவற்றில் அவள் தன் முகத்தைத் தேடினாள். இல்லை. அவளுக்கும் மகளுக்கும் நடுவே, மூச்சு படும் தூரத்தில், அந்த மங்கின முகம் குனிந்திருந்தது.

உப்புத்தாளைக் கீழே போடச் சொல்லித் தன் விரல்களிடம் கெஞ்சினாள். விரல்கள் இன்னும் இறுகின.